குட்டி ஓட்டைக்கு எந்த பிட்?

பாப்பாரப்பட்டியில் வீட்டிலிருந்தே கல் மாலை கோத்து விற்கும் ஒரு அக்கா. ஆன்லைனில் "வைர டிரில் பிட், 30 உருப்படி" என்று ஒரு டப்பா வாங்கினார். விலையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். (தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் வரும்?) ஒரு மில்லிமீட்டர் பிட்டை மாட்டி அகேட் கல்லில் அழுத்தினார். முதல் ஓட்டை விழுந்தது. இரண்டாவதில் பிட் மழுங்கியது. மூன்றாவதில் கல்லே பிளந்தது. அதுவோ கல்யாண ஆர்டர், அட்வான்ஸ் வேறு வாங்கியாச்சு!

பக்கத்து வீட்டுக்காரர் கிரானைட் அறுக்கும் வேலைக்குப் போகிறவர். அவரிடம் பிட்டை நீட்டினார்.

"அண்ணா, வைரம்னு போட்டிருக்கான், இப்படி மழுங்குதே?"

"தண்ணி ஊத்துனியாம்மா?"

"தண்ணியா? இது கரண்ட் மெஷினுண்ணா!"

கிரானைட் அறுக்கும் பிளேடிலும் வைரத்தூள்தான். தண்ணீர் இல்லாமல் அதை ஓட்ட மாட்டார்கள். குட்டி பிட்டுக்கும் அதே கதை. மலிவான பிட்டில் கம்பி நுனியில் நிக்கல் முலாம் போட்டு, அதில் ஒரே ஒரு அடுக்கு வைரத்தூளைப் பதித்திருப்பார்கள். சூடு ஏறினால் தூள் உதிரும், அப்புறம் மிஞ்சுவது வெறும் கம்பி. ஆகவே தட்டில் கல் மூழ்கும் அளவு தண்ணீர், மெதுவான சுற்று, அழுத்தாமல் தூக்கித் தூக்கி வைப்பது. மெஷின் மட்டும் நனையக் கூடாது, பேட்டரியில் ஓடுவது என்றால் நிம்மதி.

எல்லாவற்றுக்கும் வைரம் தேவையும் இல்லை. சிப்பி, முத்து, கொட்டாங்குச்சிக்கு சாதாரண ஸ்டீல் பிட் போதும். அகேட், கார்னீலியன் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் கடினம் மோஸ் அளவில் 7க்கு அருகில், அங்கே ஸ்டீல் தோற்றுவிடும். நூல் கோக்கும் ஒரு மில்லி ஓட்டைக்கு நுனி கெட்டியான பிட். இரண்டு மூன்று மில்லிக்கு மேலே போனால் உள்ளே குழாய் போன்ற பிட் நல்லது, நடுவில் உள்ள கல்லை அரைக்க வேண்டியதில்லை. முலாம் பூசாமல், உலோகத்தோடு வைரத்தூளைக் கலந்து சுட்டுச் செய்த பிட்டும் உண்டு. விலை கூடுதல், ஆனால் தேயத் தேய உள்ளிருந்து புது வைரம் வெளியே வரும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 20 ரூபாய் பிட் 4 ஓட்டை போட்டால் ஓட்டைக்கு 5 ரூபாய். 150 ரூபாய் பிட் 50 ஓட்டை போட்டால் 3 ரூபாய். உடைந்த கல்லின் விலை இதில் சேரவே இல்லை!

இதெல்லாம் புதுசும் இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால மணிப் பட்டறையே அகழாய்வில் வெளிப்பட்டது, பாதி முடிந்த மணிகளோடு. குஜராத்தின் கம்பாத்தில் ஸ்டீல் கம்பி நுனியில் இரண்டு சின்ன வைரத்துண்டுகளைப் பதித்து, வில்லால் சுழற்றி, தண்ணீர் விட்டு மணி துளைக்கிறார்கள். கோரெலிக், க்வின்னட் என்று இரண்டு பேர் பழைய மணிகளின் துளைக்குள் அச்சு எடுத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வைரத்தால் துளைக்கும் வித்தை இந்தியாவிலிருந்து ரோம் வரை போனது என்று 1988இல் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேருமே பல் டாக்டர் துறை! துளை போடுவது பற்றி அவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

அதே கம்பாத்தில் அகேட் தூளைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் கல்லைச் சாணை பிடிப்பவர்கள். போன நுரையீரல் திரும்பாது. ஆக அந்தத் தண்ணீர் பிட்டுக்கு மட்டுமல்ல, அக்காவுக்கும்தான். பின்கட்டில் ஐந்து வயசுப் பையன் வேறு விளையாடிக்கொண்டிருக்கிறான். இப்போது மாஸ்க்கும் போடுகிறார், தட்டில் தேங்கும் வெள்ளைச் சேற்றைக் காயவிடாமல் ஈரத்தோடே வழித்து எடுத்துவிடுகிறார்.

கல்யாண மாலை இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் சில்லு பெயரும் என்பதால், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று துளைத்தார். டப்பாவில் மிச்சமிருக்கும் பிட்டெல்லாம் இப்போது சிப்பிக்கு.