பாய் நெய்தவர் கற்பித்த பாடம்

தமிழ்த்துறை மலரில் மானிடவியலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பிறர் கூறும் சொல்லை அவர் கருதிய பொருளிலேயே உணர்ந்துகொள்வது இரு துறைக்கும் பொதுவான கடமையாகும். அக்கடமையை நாங்கள் கற்றது வகுப்பறையில் அன்று. கோரைப் பாய் நெய்யும் ஒரு வீட்டின் முற்றத்தில்.

1994-ஆம் ஆண்டு. மானிடவியல் முதுகலை மாணவர் நால்வர், களப்பணிக்காகத் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக்குச் சென்றோம். இருவர் ஆடவர், இருவர் பெண்டிர். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்யப்படும் பட்டுப்பாய் அவ்வூரின் பெருமை. மணமக்களின் பெயரும் மணநாளும் பொறித்த பாய்களும் அங்கு உருவாகின்றன. பிற்காலத்தில், 2013-இல், இப்பாய் புவிசார் குறியீடும் பெற்றது. இக்கைவினையைப் பெரிதும் காத்து வருபவர்கள் அவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள்.

ஜமாஅத் பெரியவர்களிடம் முறையாக இசைவு பெற்றோம். கையில் அறுபது வினாக்கள் கொண்ட வினாநிரல் இருந்தது. உள்ளத்தில் எல்லாம் அறிந்துவிடலாம் என்ற துணிவும் இருந்தது. முதல் நாளே அத்துணிவு தளர்ந்தது.

“உம்மா, நீங்கள் ஏதேனும் தொழில் செய்கிறீர்களா?” என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். “இல்லை பிள்ளைகளா, வீட்டில சும்மாதான் இருக்கேன்” என்றார். அவ்வாறு கூறும்போதும் அவர் விரல்கள் கோரையைப் பாவினூடே செலுத்திக்கொண்டிருந்தன. தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்தோம். நர்சாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதி 1982-இல் வெளிவந்த நூலை நாங்கள் பயின்றிருந்தோம். உலகச் சந்தைக்கு உழைக்கும் பெண்கள் வெறும் இல்லத்தரசிகளாகக் கருதப்படும் நிலையை அந்நூல் விளக்குகிறது. தேர்வில் அதை எழுதத் தெரிந்த எங்களுக்கு, கண்ணெதிரே கண்டபோது அடையாளம் தெரியவில்லை.

“நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நெய்வீர்கள்?” என்ற வினாவும் அவ்வாறே வழுக்கியது. “மணியை யார் பார்த்தா? ஸுபுஹுக்குப் பிறகு உட்கார்ந்தா லுஹர் வாங்கு வரைக்கும், பிறகு அஸர் தொழுதுட்டு மஃரிபு வரைக்கும்” என்றார். அவருடைய நாளை அளந்தது கடிகாரம் அன்று, பள்ளிவாசலின் வாங்கொலி. அன்றிரவே வினாநிரலை ஓரமாக வைத்தோம். எண்ணிக் கணக்கிடும் ஆய்வுக்குரிய இடம் உண்டு. ஆயினும் எதை எண்ணுவது என்பதை அறிய, முதலில் அம்மக்களோடு அமர்ந்திருக்க வேண்டும். அதனையே பண்புசார் ஆய்வு என்கிறோம். சமஸ்கிருதம் பயின்று, இந்திய மக்களின் வாழ்வையும் அறிவையும் அவர்தம் நூல்கள் வாயிலாகவே அறிய முயன்று, ஏறத்தாழ 1030-இல் தம் நூலை நிறைவுசெய்த அல்பிரூனி, ஒரு சமுதாயத்தை அயலார் புரிந்துகொள்வதற்கு உள்ள தடைகளை நூலின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார். அந்த அடக்கத்தை நாங்கள் காலந்தாழ்ந்து கற்றோம்.

தொழில்நெறிகள் சிலவும் அங்கேதான் கைவந்தன. பகலில் கண்டதை அன்றிரவே களக்குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். உறங்கி எழுந்தால் பாதி மறைந்துவிடும். கண்டது வேறு, கருதியது வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலத்தலாகாது. ஒரு மணி நேர ஒலிநாடாவை எழுத்தில் பெயர்க்க எங்களுக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. ஆடவர் இருவரும் திண்ணையில் வணிகரோடு பேசினர். பெண்டிர் இருவரும் உள்வீட்டில் அமர்ந்தனர். குறிப்பேடுகளை ஒப்பிட்டபோது, இரண்டும் வெவ்வேறு ஊர்களைப் பற்றியனபோல் இருந்தன. திண்ணையில் பாய் ஒரு வணிகப்பொருள். உள்வீட்டில் அது கண்ணொளி, முதுகுவலி, மகளின் திருமணம். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் பாதி ஊரே அறிக்கையில் இடம்பெற்றிருக்கும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, ஒரு தாயார் தம் குடும்பச் செய்தி ஒன்றை எங்கள் மாணவியரிடம் கூறினார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியபின் அதனையே அறிக்கையின் உயிர்நாடியாக அமைத்தோம். பெயரை மட்டும் மாற்றினோம். அதுவே போதும் என்று எண்ணினோம். படித்துப் பார்த்த பேராசிரியர், “இத்தகைய வீட்டில், இத்தகைய சூழலில் வாழும் அம்மையார் அவ்வூரில் எத்தனை பேர்?” என்று கேட்டார். “ஒருவர்தாம் ஐயா” என்றோம். “அவ்வாறாயின் எதை மறைத்தீர்கள்?” என்றார். எங்களிடம் விடையில்லை.

அறிக்கை அளிக்க நான்கு நாள்களே இருந்தன. அப்பகுதியை நீக்கினால் ஓர் இயலே சரிந்துவிடும் என்று எங்களுள் இருவர் வாதிட்டனர். இறுதியில் அவரிடமே கேட்பது என முடிவுசெய்து இரவுப் பேருந்தில் பத்தமடை சென்றோம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நீங்க கேட்டீங்கன்னு சொல்லல வாப்பா, பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்களேன்னு சொன்னேன். அது அமானிதம். எழுதாதீங்க” என்றார். ஒலிநாடாவை அவர் கையிலேயே கொடுத்தோம். வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, எங்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

ஓர் இயல் மெலிந்து காணப்படுகிறது என்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் குறித்தார். காரணத்தைக் கூறினோம், மதிப்பெண் கூடவில்லை. அதைப் பற்றி அன்று வருந்தினோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பின்னாளில் எங்களுள் ஒருவர் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார், ஒருவர் வங்கிப் பணிக்குச் சென்றார், இருவர் ஆசிரியரானோம். எதிரே அமர்ந்திருப்பவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும்போது அவர் விரல்களைக் கவனிக்கும் பழக்கம் நால்வரிடமும் நிலைத்துவிட்டது.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் குறிப்பேட்டோடு எவர் வீட்டு வாயிலிலேனும் நிற்கக்கூடும். கேட்கும் திறனைப் பழகுங்கள். கேட்டதைக் காக்கும் திறனையும் உடன் பழகுங்கள். அந்தத் தாயார் அன்று கூறியது யாது என்பதை இம்மலரிலும் நாங்கள் எழுதவில்லை.