செல்ஃப் அடிக்குது, கரண்ட் வரல

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி எழவில்லையென்றால், பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் பொறியைப் பாருங்கள். அப்பாவின் 1989 மாடல் பிரீமியர் பத்மினி, அவர் போனபிறகு இரண்டு வருடமாக ஓசூரில் நிற்கிறது. காயலான் கடைக்காரர் விலை சொல்லிவிட்டார். "ஓடுச்சுன்னா வச்சுக்கலாம்டா" என்றாள் அம்மா.

பிளக்கைக் கழற்றி இன்ஜினில் சாய்த்து அடித்தோம். பொறி இல்லை. காயிலின் நடு ஒயரிலும் இல்லை. மெக்கானிக் அண்ணன் டெஸ்ட் பல்பைக் காயிலின் ப்ளஸ்ஸில் வைத்தார், எரிந்தது. பாயிண்டுக்குப் போகும் பக்கத்தில், செல்ஃப் அடிக்கும்போது அது அணைந்து அணைந்து எரிய வேண்டும். விடாமல் எரிந்தது. அதாவது பாயிண்ட் மூடினாலும் மின்சாரம் பாடிக்குப் போகவில்லை. (என் வேலையில் இவ்வளவு நேர்மையான லாக் கிடைக்காது.)

"பூத்துப்போச்சு தம்பி, நிக்கவச்சா இப்படித்தான்." உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்தார். அடுத்த சுற்றிலேயே பளிச்சென்று நீலம்.