காற்று எந்தப் பக்கம்?

வேட்டை என்னும் சொல்லை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் உச்சரித்து வருகிறோம். குறிஞ்சித் தலைவன் வேட்டைக்கு வருவான். அம்பு பட்ட யானையைத் தேடி வந்ததாகச் சொல்லித் தினைப்புனத்தில் நிற்பான். அதன் உட்பொருளை விளக்கி, கரும்பலகையில் ஒரு சிறுவினாவும் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவோம். வில்லையோ துப்பாக்கியையோ கையால் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடை வரிசையில் நின்று, தொடைக்கறியாகப் பார்த்துப் போடச் சொல்வதே நாம் அறிந்த வேட்டை.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் இந்த அறியாமை சற்றே கலையும்படி ஒரு வாய்ப்புக் கிட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்றொரு நகரம். நிக்கல் சுரங்கங்களால் பெயர் பெற்றது. நம் தங்கையின் கணவர் அங்கே பணியாற்றுகிறார். ஈட்டிய விடுப்பெடுத்து ஒரு மாதம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் எழுபத்து நான்கு வயதுப் பெரியவர். சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வயதில் தந்தையோடு காட்டுக்குள் போகத் தொடங்கியவர். "மச்சான், நீங்க பாடம் நடத்துற வேட்டுவர் இவர்தான், வந்து பாருங்க" என்று மாப்பிள்ளை ஒரு மாலை அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார்.

அங்கே வேட்டை என்றால் மூஸ்தான். மான் குடும்பத்தில் இதைவிடப் பெரிய விலங்கு இல்லை. தோள் உயரமே ஆறடியைத் தொடும். நன்கு வளர்ந்த ஆண், ஐந்நூறு கிலோவுக்கு மேலும் இருக்கும். ஐரோப்பாவில் இதனையே எல்க் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஆங்கில வேட்டைக்காரர்கள் நம் கடமானுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஆனால் இதன் பக்கத்தில் நின்றால் நம் கடமான் கன்றாகத்தான் தெரியும்.

நினைத்தவர் நினைத்தபோது சுட்டுவிட முடியாது. எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் அனுமதிச் சீட்டே வரையறுக்கும். 2021 முதல் ஒன்டாரியோவில் இச்சீட்டைப் புள்ளி முறையில் வழங்குகிறார்கள். கிடைக்காமற்போன ஆண்டுகள் புள்ளிகளாகச் சேர்ந்துகொண்டே வரும். அவ்வாண்டு, செவிலியராகப் பணிபுரியும் பெரியவரின் பேத்திக்கு ஆண் மூஸுக்கான சீட்டுக் கிடைத்திருந்தது.

பெரியவருக்கு மான் வேறு, மூஸ் வேறு. வெண்வால் மானை வேட்டையாடுபவன் மரத்தில் கட்டிய இருக்கையில் ஏறி அமர்ந்து, அது தன் வழக்கமான தடத்தில் வரும்வரை காத்திருப்பான். "மான் வேட்டையில் துப்பாக்கியைவிட முக்கியமான கருவி இடுப்புப் பட்டைதான்" என்றார். மரத்தோடு உடலைப் பிணைக்கும் அந்தப் பட்டையை அணியாமல் தூங்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை அவர் அறிவார். மூஸையோ, காத்திருப்பதோடு பேசியும் அழைக்க வேண்டும். பெண் மூஸின் குரலை எழுப்பினால் இணைசேரும் பருவத்து ஆண் தேடிக்கொண்டு வரும்.

இரண்டுக்கும் இடையே உள்ள ஓர் உறவையும் அவர்தான் சொன்னார். வெண்வால் மானின் மூளையைச் சூழ்ந்த உறையில் மெல்லிய புழு ஒன்று வாழ்கிறது. மானுக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. மானின் புழுக்கை வழியாக நத்தைக்குள் புகும் அப்புழு, இலையோடு நத்தையையும் விழுங்கிவிடும் மூஸின் உடலில் சேர்ந்தால், அதன் நரம்பு மண்டலத்தையே சிதைத்துவிடும். குளிர் குறையக் குறைய மான்கள் வடக்கே பரவும். பின்னாலேயே புழுவும் வரும். "மானைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மூஸ் காட்டில் கண்டால் மகிழ்ச்சி பாதியாகிவிடும்" என்றார்.

கருவிகளைக் காட்டுமாறு கேட்டோம். முதலில் வந்தது துப்பாக்கியன்று. பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டித் தைத்த ஒரு குழல். அந்நிலத்தின் பழங்குடியினரிடமிருந்து குடியேறியவர்கள் கற்றுக்கொண்டது. அடுத்து மூஸின் தோள்பட்டை எலும்பு ஒன்று. அதைக் கொண்டு புதரை உரசினால், ஆண் மூஸ் கொம்பால் மரத்தைத் தேய்ப்பது போன்றே ஒலி எழும். பின்னர் கம்பளி ஆடைகள். நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் காட்டில் அதற்கு இடமில்லை. பருத்திக்கு வேறு வேலை இருந்தது: இறைச்சியில் ஈ மொய்க்காமலும் காற்று நுழையும்படியும் போர்த்துவதற்கான வெள்ளைப் பைகள். திசைகாட்டி, கயிறு, கப்பி, கைக்கு அடக்கமான இரண்டு கத்திகள். கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலங்கி. மனிதன் மனிதனைச் சுட்டுவிடாதிருப்பதற்கான உடை அது. மானினத்தின் கண்ணுக்குச் செம்மஞ்சள் எடுப்பாகத் தெரிவதில்லை. நீலந்தான் நன்றாகத் தெரியும். நாம் அணிந்திருந்த நீல ஜீன்ஸைச் சுட்டிக்காட்டி, "இதை மட்டும் நாளை வீட்டில் விட்டுவிடுங்கள்" என்றார்.

இறுதியாகப் பூட்டிய இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்ததைக் கண்டதும் திகைத்தோம். நம் ஊர்க் காவல் நிலையத்து வாயிலில் சிறுவயது முதல் பார்த்துப் பழகிய அதே 'த்ரீ நாட் த்ரீ'! லீ என்ஃபீல்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ உபரியாக மலிந்த விலைக்கு வந்தவற்றில் ஒன்றை அவருடைய தந்தை வாங்கியிருக்கிறார். வடகனடாவின் ரேஞ்சர் படையினரும் 1947 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதனையே ஏந்தினார்கள். கடுங்குளிரிலும் இயங்கும் என்பது காரணம். "நாளை இதுதான் வருகிறதா?" என்று கேட்டோம். "இல்லை. இது இந்த ஆண்டு வராது" என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டார்.

காரணத்தை அன்றிரவு மாப்பிள்ளை சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் பெரியவர் சுட்ட பெண் மூஸ் ஒன்று, குண்டு தவறான இடத்தில் பட்டதால், காட்டுக்குள் ஓடி மறைந்தது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அண்டங்காக்கைகளே இடத்தைக் காட்டின. அன்று முதல் தமக்கொரு தேர்வு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு செப்டம்பரிலும், சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றை நூறு கஜத் தொலைவில் நிறுத்தி, முழந்தாளிட்டு ஐந்து முறை சுடுவார். ஐந்தும் தட்டில் பட்டாக வேண்டும். ஒன்று தவறினாலும் அவ்வாண்டு துப்பாக்கி அலமாரியில்தான். இதை அவர்மீது எவரும் சுமத்தவில்லை, எவரும் பார்ப்பதுமில்லை. அந்தச் செப்டம்பரில் மூன்றுதான் பட்டிருக்கிறது.

மறுநாள் இருள் பிரியும் முன்னரே பெரியவர், பேத்தி, மாப்பிள்ளை, நாம் ஆகிய நால்வரும் இரண்டு படகுகளில் ஏரியைக் கடந்தோம். கரையோரம் ஒரு சதுப்பு. அதைச் சுற்றித் தேவதாரு. பேத்தியிடம் தொலைநோக்கி பொருத்திய புதிய துப்பாக்கி. பெரியவரிடம் மரப்பட்டைக் குழல். இறங்கியதும், வாசனையற்ற வெண்தூள் அடைத்த சிறு குப்பியை எடுத்து மெல்ல அழுத்தினார். தூள் ஒரு நூலாக எழுந்து நம் முகத்தை நோக்கி வந்தது. தலையசைத்தார். ஐம்பதடி தள்ளிப் போய் மீண்டும் அழுத்தினார். அதன் பிறகே அமரும் இடம் முடிவாயிற்று. "அதற்குக் கண் மந்தம். ஆனால் மூக்கை ஏமாற்ற முடியாது. அழைத்தவரை நோக்கி நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று நம்மைத் தொட்டு அதனிடம் போகும் பக்கமாக வரும். ஆகவே முதலில் காற்றைக் கேட்க வேண்டும்."

அந்தக் கணத்தில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பு நினைவில் எழுந்தது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டைப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தோம். மழை பொய்த்த காலத்தில், நீர் தேடி வரும் காட்டுப்பன்றியை எதிர்பார்த்து எயினர் நள்ளிரவில் குழிக்குள் ஒளிந்திருப்பார்கள். அது வாய்க்காவிட்டால் பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் பிடிப்பார்கள் என்று உருத்திரங்கண்ணனார் பாடியதை விளக்கினோம். ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பன்றிக்கு மோப்பம் அதிகம். குழியில ஆள் இருக்கிறது தெரிஞ்சிடுமே. காத்து எந்தப் பக்கம்?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். "அது தேர்வுக்கு வராதப்பா, உட்கார்" என்றோம். அவர் உட்கார்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

பெரியவர் குழலை வாயில் வைத்தார். நீண்ட, தழுதழுத்த ஓர் ஓலம் ஏரியின் மீது படர்ந்தது. பின்பு அமைதி. இருபது நிமிடம் சென்று மீண்டும் ஒருமுறை. அவ்வளவுதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விரல்கள் மரத்துப்போகக் காத்திருந்தோம். மூன்றாவது ஓலத்துக்குப் பின் தொலைவில் ஒரு குறுகிய உறுமல் கேட்டது. பெரியவர் தோள்பட்டை எலும்பால் புதரை இருமுறை உரசினார். சதுப்பின் அக்கரையில், மரங்களுக்கிடையே ஒரு மரம் அசைவதாகத் தோன்றியது, அதுவே கொம்பு. எழுபது மீட்டரில் அது பக்கவாட்டில் திரும்பி நின்றபோது பேத்தி சுட்டார்.

அது விழவில்லை, காட்டுக்குள் பாய்ந்தது. நாம் எழப்போனோம். பெரியவர் நம் தோளை அழுத்தி அமர்த்தினார். அரைமணி நேரம் எவரும் நகரக் கூடாது. உடனே துரத்தினால், அடிபட்ட விலங்கு தன் கடைசி வலுவையெல்லாம் கூட்டி எட்டாத தொலைவுக்கு ஓடிவிடும். அந்த அரைமணியில் அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, குளிரால் அன்று. பிறகு சென்று பார்த்தபோது, இலைகளின் மீது இளஞ்சிவப்பாய் நுரைத்த குருதி. நுரையீரலில் பட்டதன் அடையாளம் அது. நூறு மீட்டருக்குள் அது இறந்து கிடந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தில் கைவைத்துச் சற்று நேரம் நின்றார். பேத்தியைப் பாராட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தட்டில் பட்டிருக்கிறது" என்றார். பேத்தி அழுதுவிட்டார்.

அதன்பின் நடந்ததுதான் உண்மையான வேலை. தடித்த தோல் உடற்சூட்டை வெளியே விடாது. விரைந்து உரிக்காவிட்டால் எலும்பை ஒட்டிய இறைச்சி கெட்டுவிடும். நான்கு கால்களையும் பிரித்து, பருத்திப் பைகளில் போர்த்தி, படகுக்குச் சுமந்தபோது பிற்பகலாகிவிட்டது. ஒரு முன்னங்காலை மாப்பிள்ளையும் நாமும் கழியில் தொங்கவிட்டுத் தூக்கினோம். கொம்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, "அதை வேகவைக்க முடியாதே" என்று சிரித்தார். இறைச்சி, மூன்று குடும்பங்களுக்கு அடுத்த கோடை வரை போதுமாம். தங்கை மிளகும் சீரகமும் அரைத்து வைத்த குழம்பை நாமும் உண்டோம். எங்கிருந்து வந்தது என்று அறிந்து உண்ட முதல் இறைச்சி அதுவாகத்தான் இருக்கும்.

ஊர் திரும்பியதும் பெரும்பாணாற்றுப்படைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். பழுப்பேறிய தாள்கள். பணியில் சேர்ந்த ஆண்டில் எழுதியவை. ஓரத்தில் எந்தெந்தத் தேர்வில் எந்த வினா வந்தது என்னும் குறிப்புகள் மட்டும் ஆண்டுதோறும் கூடியிருந்தன. பெரியவர் தம் கையை நம்பாமல் ஆண்டுக்கொரு முறை தட்டை நிறுத்துகிறார். நாம் எதை நிறுத்தினோம்? குறி தவறினால் அவருக்கு ஒரு விலங்கு காட்டுக்குள் போய்த் தனியே இறக்கும் என்பது தெரியும். வகுப்பில் குறி தவறினால் எதுவும் ஓடுவதில்லை, அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த மாணவரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பெற ஒரு வாரமாயிற்று. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறார். அன்றைய வகுப்பை நினைவூட்டி, தவறு நம்முடையது என்றோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடங்கினார்: "ராத்திரியில குளிர்ந்த காத்து மலையிலிருந்து கீழே இறங்கும் ஐயா. பாட்டுல நடுராத்திரின்னுதானே வருது? அப்போ பன்றி மேல இருந்து இறங்கி வந்தாலும், ஆளோட வாசனை அதுகிட்டப் போகாது. பள்ளத்துப் பக்கமாப் பார்த்துக் குழியில இறங்கியிருப்பாங்க. எங்க தாத்தா அப்படித்தான் சொல்வார்."

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில், தேர்வு வினாக்களுக்குக் கீழே, அவர் பெயரையும் இந்த விளக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். இப்போதெல்லாம் ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் முன், நடத்தவிருக்கும் பாடல்களில் ஐந்தைத் தேர்ந்து, குறிப்பேட்டை மூடிவைத்து, வீட்டில் மகளுக்கு விளக்கிப் பார்க்கிறோம். சென்ற ஆண்டு மூன்றுதான் தேறின.