வெள்ளையா இருந்தா சுவிட்சர்லாந்தா?

எங்க ஊர் கீரனூர். புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கு. அங்கே ரெண்டே சீஸன்தான். வெயில், கொடும் வெயில். (ஐப்பசி மழை சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போகும்.) அப்படிப்பட்டவனுக்கு ஊட்டியில காலேஜ் சீட் கிடைச்சா? 'சுவிட்சர்லாந்து போறான்டா'ன்னு கலாய்ச்சே பஸ் ஏத்தி விட்டாங்க பசங்க.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் 6.5 டிகிரி குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சதை, அங்கே பல் கிட்டிச்சப்போதான் நம்பினேன். ஆல்ப்ஸ்ல இதே உயரத்துல குளிர்காலம் பூரா பனி குவிஞ்சு கிடக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு அது கிடையாது. முதல்ல நீர்ப்பனி, அப்புறம் டிசம்பர், ஜனவரியில உறைபனி. அவ்வளவுதான்.

ஒரு ஜனவரி விடிகாலை. பள்ளத்துல புல்வெளி, தேயிலை எல்லாம் வெள்ளை வெளேர்! செல்போன்ல படமா எடுத்துத் தள்ளி, ஊருக்கு அனுப்பினேன். ரூம்மேட்கிட்ட பெருமையா காட்டினா, அவன் சிரிக்கவே இல்லை.

"இதுல வெயில் பட்டதும் கொழுந்தெல்லாம் கருகிடும்டா. எங்க தோட்டமும் இப்படிப் பள்ளத்துலதான் இருக்கு."

எனக்கு முகம் தொங்கிப் போச்சு. உயரத்துலதானே குளிர் அதிகம், பள்ளத்துல எப்படி? அவன்தான் சொன்னான். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரையோட சூடு மொத்தமும் வானத்துக்குப் போயிடும். குளிர்ந்த காத்து கனமானது. தண்ணி மாதிரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கிடும். அதனால பக்கத்து மேட்டுத் தோட்டம் தப்பிச்சாலும் தப்பிக்கும். மேகம் வந்தா போர்வை போர்த்தின மாதிரி, பனி விழாது. இல்லேன்னா தாகைச் செடியை வெட்டிட்டு வந்து தேயிலை மேல மூடணும். காய்கறித் தோட்டம்னா வெயில் வர்றதுக்குள்ள ஸ்பிரிங்ளர்ல தண்ணி அடிச்சுப் பனியைக் கரைக்கணும்.

இதே மலையில, அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. எங்க மாவட்டம் ஒரு வருஷத்துல பார்க்கிற மழை கிட்டத்தட்ட அவ்வளவுதான்! கடலை விதைச்சுட்டு மேகம் வருதான்னு அண்ணாந்து பார்க்கிற எங்க தாத்தா ஞாபகம் வந்தது.

அன்னிக்கு ராத்திரி அவனும் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தான். நானும் போய் நின்னேன். ஒரு மேகம் இல்லை. அள்ளிக் கொட்டின மாதிரி நட்சத்திரம்.

"நாளைக்கும் இருக்குடா"ன்னு சொல்லிட்டு அவங்க அப்பாவுக்கு போன் போட்டான்.