டிக் டிக் வேகமா அடிச்சா காது கொடுங்க

மார்கழி மாசம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். காரைக்குடியில வேலையை முடிச்சிட்டு குன்றக்குடி ரோட்டுல வந்துக்கிட்டு இருந்தேன். எங்க ஊருக்குப் பிரியுற மண் ரோடு வலது கைப் பக்கம். வழக்கம்போல வேகத்தைக் குறைச்சு, வலது இண்டிகேட்டரைப் போட்டு, எதிரே வந்த பஸ் போகட்டும்னு நின்னு, அப்புறம் திருப்புனேன். கீச்சுனு ஒரு சத்தம். பின்னால வந்த டிவிஎஸ் 50 என்னை வலது பக்கமா முந்த வந்து, பிரேக் அடிச்சு, மண்ணுல சறுக்கி சாஞ்சிருச்சு. ஓட்டுனது ஒரு தம்பி, பின்னால அவரு சம்சாரம், நடுவுல மூணு வயசுப் பிள்ளை.

ஆண்டவன் புண்ணியத்துல யாருக்கும் அடி இல்ல. முழங்கையில லேசா சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா அந்தப் பிள்ளை வீறிட்டு அழுத அழுகை இன்னும் காதுல நிக்குது.

"இண்டிகேட்டர் போட்டுத் திருப்பக் கூடாதாண்ணே?"ன்னு கேட்டாரு அந்தத் தம்பி. கோபமாக்கூட கேட்கல.

"போட்டேனேப்பா, சத்தம்கூட கேக்குது பாரு"ன்னு சொன்னேன். உள்ள டிக்டிக்டிக்னு அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அவரு கையைப் பிடிச்சு என்னை வண்டிக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாரு. வலது பக்க இண்டிகேட்டர் இருட்டா கிடந்துச்சு.

அங்க எனக்கு வாயில வார்த்தை வரல. ஏன்னா, இது தெரியாத கோளாறு இல்ல. ஐப்பசியில இருந்து அந்தப் பல்பை மூணு தடவை மாத்தியிருக்கேன். மாத்துனா ஒரு வாரம் எரியும், அப்புறம் போயிரும். பின் விளக்கை ஒரு தட்டுத் தட்டுனா திரும்ப எரியும். "தட்டுனா எரியுதுல்ல"ன்னு விட்டுட்டேன். அதுக்கும் மேல, ரெண்டு வாரம் முன்னாடி என் மக கேட்டா: "அப்பா, வலது பக்கம் போட்டா மட்டும் ஏன் டிக்டிக் வேகமா அடிக்குது?" பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்னு சொல்லி வாயை அடைச்சேன்.

அந்த வேகமான சத்தம்தான் வண்டி நமக்குச் சொல்ற தகவல். இண்டிகேட்டரை அணைச்சு அணைச்சு எரிய வைக்கிறது பிளாஷர் ரிலேன்னு ஒரு சின்னப் பெட்டி. முன்னால 21 வாட், பின்னால 21 வாட், பக்கவாட்டுல 5 வாட், மொத்தம் 47 வாட், கிட்டத்தட்ட 4 ஆம்பியர் ஓடும்னு கணக்கு வச்சுத்தான் அது சீரா அடிக்கும். நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள இருக்கணும்ங்கிறது விதி. ஒரு 21 வாட் பல்பு எரியலைன்னா கரண்டு பாதியாக் குறையும், ரிலே வேகமா அடிக்க ஆரம்பிக்கும். டிரைவர் சீட்டுல இருக்கிறவன் பின்னால போய்ப் பார்க்க முடியாது, அதனால அவன் காதுக்குக் கேட்கிற மாதிரி பண்ணி வச்சிருக்காங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தும் கேட்கல.

மறுநாள் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, நேரா காருக்கிட்ட போயிட்டேன். டிக்கிக்குள்ள இருந்த சாக்கு, கயிறு, மருந்தடிக்கிற டேங்க் எல்லாத்தையும் இறக்கி வச்சேன். ஓரத்துல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டுனா பின் விளக்கோட முதுகு தெரியும். இண்டிகேட்டர் ஹோல்டரைக் கால் சுத்து திருப்புனா பல்போட கையோட வந்துரும். பல்பு பழைய குண்டு பல்பு மாதிரிதான், அமுக்கித் திருப்பி எடுக்கணும்.

பல்பைப் பார்த்தேன், இழை அறுகல. அப்ப பல்பு மேல தப்பில்ல. மீட்டரை ஹோல்டர் அடியில இருக்கிற தகட்டுல வச்சுப் பார்த்தா, இண்டிகேட்டர் அடிக்க அடிக்க எண்ணு 12 வரைக்கும் ஏறி இறங்குது. கரண்டும் வருது, பல்பும் நல்லா இருக்கு, ஆனா எரியல!

மோட்டார் ரூம் வச்சிருக்கிற விவசாயிக்கு இது புதுசு இல்ல. ஸ்டார்ட்டர்ல காண்டாக்ட் கருகியிருந்தா மீட்டர் சரியான வோல்டேஜ்தான் காட்டும், மோட்டாரை ஏத்துனவுடனே விழுந்திரும். மீட்டர் இழுக்கிற கரண்டு ஒண்ணுமே இல்லாத மாதிரி, அதுக்கு நூலளவு தொடுதல் போதும். லோடு இழுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால மீட்டரை ஓரமா வச்சிட்டு, ஒரு பழைய 21 வாட் பல்புல ரெண்டு ஒயர் பத்த வச்சு டெஸ்ட் லாம்ப் செஞ்சேன். ஹோல்டர் தகட்டுல வச்சா மினுக்மினுக்னு செத்த வெளிச்சம். ஹோல்டருக்குப் பின்னால ஒயர்லயே ஊசி குத்தி வச்சா பளிச்சுனு எரியுது. எர்த் ஒயரையும் அதே மாதிரி பார்த்தேன், நல்லா இருக்கு. ஆக ஒயருக்கும் பல்புக்கும் நடுவுல இருக்கிற ஹோல்டர்தான் குத்தவாளி.

வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா உள்ள பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்துச்சு. பல்பைத் தாங்குற பித்தளைத் தகடு வளைவுல கீறல் விட்டு, ஒரு பக்கம் தொங்குது. அதைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருக்கு. 21 வாட் பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். தொடுற இடத்துல ஒரு ஓம் தடை கூடுனாலே ரெண்டு வாட்டுக்கு மேல சூடு அந்தக் கடுகளவு இடத்துல இறங்கும். சூட்டுல தகடு வில்தன்மை போய் இன்னும் தளரும், தளர்ந்தா இன்னும் சூடு. நான் தட்டித் தட்டி எரிய வச்சதெல்லாம் அந்தச் சாவை ரெண்டு மாசம் இழுத்ததுதான்.

சரி, இடது பக்க ஹோல்டர் ஏன் பளபளன்னு இருக்கு? இந்தக் கேள்விக்கு நான் விடை தேடிப் போகல, விடையே ஹோல்டர் வாங்கப் போன இடத்துல கிடைச்சுது. காரைக்குடியில ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நிக்கும்போது பக்கத்துல ஒரு பெரியவர். நம்ம சிக்ரியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: சிக்ரின்னா மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால காரைக்குடிக்கு வந்தது. 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில ராதாகிருஷ்ணன் திறந்து வச்சாரு. பாட்டரி, முலாம் பூசுறது, அப்புறம் உலோகம் அரிச்சுப் போறது, இதுதான் அங்க ஆராய்ச்சியே. நாங்கல்லாம் அந்தக் காம்பவுண்டு சுவரை பஸ்ஸுல இருந்து பார்த்ததோட சரி.

அவரு என் கையில இருந்த பழைய ஹோல்டரை வாங்கி, கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாரு. "தம்பி, டிக்கியில என்ன ஏத்துவீங்க?"

"உரம்தான் சார். யூரியா, பொட்டாஷ்."

"மழைத்தண்ணி உள்ள வருமோ?"

வரும். டிக்கி ரப்பர் வலது மூலையில வெடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில அந்த மூலையில தண்ணி நிக்கும். சாக்குல இருந்து சிந்துன உரமும் அங்கதான் கிடக்கும்.

அவரு சிரிச்சுட்டுச் சொன்னாரு. பொட்டாஷ்ங்கிறது உப்பு வகை, ஈரத்தோட சேர்ந்தா உலோகத்தை அரிக்கும். யூரியா ஈரமும் மண்ணும் பட்டா அம்மோனியாவா உடையும். பித்தளைக்கு அம்மோனியா ஆகவே ஆகாது. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல ராணுவத்துத் தோட்டாக்களை மழைக்காலத்துல குதிரை லாயத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்களாம். பித்தளைக் கூடெல்லாம் தானா வெடிப்பு விட்டுச்சு. மழைக்காலத்துல வர்றதால பருவ வெடிப்புன்னு பேரு வச்சாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்புன அம்மோனியாதான் காரணம்னு 1921லதான் விளக்கமா எழுதுனாங்க. வளைச்சு இறுக்கத்துல நிக்கிற பித்தளைதான் முதல்ல கீறும். "உங்க ஹோல்டர் தகடும் வளைச்ச பித்தளைதானே? அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எனக்கு அதுலதான் சந்தேகம்"னாரு.

யூரியா மூட்டையைத் திறந்தா வர்ற நெடி நமக்குத் தெரியும். மேலுரம் போட்டுட்டுத் தண்ணி சரியா வைக்கலைன்னா பாதி சத்து காத்துல போயிரும்னும் தெரியும். காத்துல போறது காருக்குள்ள போனா என்ன பண்ணும்னு யோசிச்சதில்ல.

கடையில ஹோல்டர் நூறு ரூபாய்க்குள்ளதான். வீட்டுக்கு வந்து பல்பைப் போட்டா பூட்டு விழ மாட்டேங்குது. மஞ்சள் பல்புல ரெண்டு பின்னும் நேருக்கு நேர் இருக்காது, 150 டிகிரியில கொஞ்சம் தள்ளி இருக்கும். நான் வாங்கிட்டு வந்தது நேர் பின் உள்ள வெள்ளைப் பல்புக்கு. ஒரு நிமிஷம் அரத்தை எடுத்து பின்னை ராவிருவோமான்னு கை போச்சு. முந்தின நாளா இருந்தா ராவியிருப்பேன். பின்னைத் தள்ளி வச்சதே, வெள்ளைக் கண்ணாடி உள்ள விளக்குல தவறிப்போய் வெள்ளைப் பல்பைப் போட்டு, பின்னால வர்றவனைக் குழப்பிறக் கூடாதுன்னுதான். திரும்பவும் பன்னெண்டு கிலோமீட்டர் போய் மாத்திட்டு வந்தேன். நீங்க வாங்கப் போனா பழைய பல்பையும் ஹோல்டரையும் கையோட கொண்டு போங்க, பல்பை மாட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க.

மாத்துறது அரை மணி நேர வேலை. முதல்ல பாட்டரி மைனஸ் டெர்மினலைக் கழட்டிருங்க. எந்த ஒயர் நடுத் தகட்டுக்குப் போகுது, எது எர்த்துன்னு வெட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துக்கங்க. புது ஹோல்டர் ஒயர் கலர் வேறயா இருக்கும். மாத்திக் கொடுத்தாலும் பல்பு எரியும்தான், ஆனா பல்போட உடம்புல கரண்டு வந்து, அது பாடியில பட்டா பியூஸ் போயிரும். ரெண்டு ஒயரையும் ஒரே அளவுல வெட்டாதீங்க. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா வெட்டுனா ஒட்டு ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. ஒயர் உள்ள கறுத்திருந்தா செம்பு மின்னுற வரைக்கும் பின்னால வெட்டுங்க. முறுக்கி, ஈயம் பத்த வச்சு, மேல சூட்டுக்குச் சுருங்குற குழாயை ஏத்துங்க. பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே குழாயை ஒயர்ல கோத்துக்கணும். நான் முதல் ஒட்டைப் பத்த வச்சிட்டு, குழாய் தரையில கிடக்குறதைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டு திரும்பப் பிரிச்சேன். கடைசியா பல்பு அடியில லேசா கிரீஸ்.

ஹோல்டரை மாத்துனதோட விட்டா அடுத்த ஐப்பசிக்கு இதே கதைதான். டிக்கி ரப்பரைப் புதுசா போட்டேன். மூலையைத் தண்ணி விட்டுக் கழுவிக் காய வச்சேன். இனிமே உர மூட்டைக்கு அடியிலயும் மேலயும் தார்ப்பாய், இறக்குன அன்னைக்கே கூட்டித் துடைக்கிறது.

எல்லாம் முடிஞ்சு மகளைப் பின்னால நிக்க வச்சு இண்டிகேட்டரைப் போட்டேன். போனைப் பார்த்து எண்ணுனா. "எம்பத்தி நாலுப்பா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்." அவகிட்ட, "அன்னைக்கு நீ சொன்னப்பவே பார்த்திருக்கணும்"னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, சாவியை வாங்கி ஒரு தடவை அவளே போட்டுப் பார்த்துக்கிட்டா.

தை பிறந்ததும் இந்த ரோட்டுல பழனிக்கு நடக்குற கூட்டம் ஆரம்பிச்சிரும். தேவகோட்டை, காரைக்குடி பக்கமிருந்து காவடியோட வந்து குன்றக்குடியில சேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாப் போவாங்க. விடியாத நேரத்துல, செருப்பில்லாம, ரோட்டோரத்தை நம்பி நடக்குறவங்க. நாம எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு அவங்களுக்குச் சொல்றது அந்த ஒரு மஞ்சள் பல்புதான். எங்க ஐயா காலத்துல மாட்டுவண்டி அச்சுக்குக் கீழ அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிடாம ராத்திரி வண்டி பூட்ட மாட்டாராம். மாட்டுக்கு வழி தெரியும், அந்த விளக்கு அடுத்தவனுக்குன்னு சொல்லுவாரு.

இன்னைக்கு ராத்திரி வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை இண்டிகேட்டர், பிரேக் விளக்கெல்லாம் போட்டுட்டு யாரையாவது பின்னால நிக்க வச்சுப் பாருங்க. ஆள் இல்லைன்னா சுவரைப் பார்த்துப் பின்புறமா நிறுத்துங்க, வெளிச்சம் சுவர்ல தெரியும்.

அந்த டிவிஎஸ் தம்பியை அப்புறம் பார்க்கல. பேரும் கேட்டு வைக்கல. குன்றக்குடி பக்கம் எங்கயாவது கண்ணுல பட்டா, நீங்க சொன்னது சரிதான்னு சொல்லணும்.