கப்சாயின் இருதயம்

நம் தோட்டங்களில் இன்று கப்சாய் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போவதும் அதில்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு ஓடுவதும், டவுனிலிருந்து அரிசி மூட்டையை ஏற்றி வருவதும் அதில்தான். இவ்வளவு உழைக்கும் வண்டிக்கு நாம் என்ன செய்கிறோம்? பெட்ரோல் ஊற்றுகிறோம். காற்றடிக்கிறோம். ஆயுத பூசையன்று கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதன் வயிற்றுக்குள் ஓடுகிற எண்ணெயைப் பற்றி எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

ஹொண்டா கம்பெனியார் இந்த வகை வண்டியை ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு விட்டது 1958ஆம் ஆண்டில். ‘கப்’ என்பது வண்டியின் பெயர். ‘சாய்’ என்றால் சின்னது என்று சீனத்தில் பொருள். 2017ஆம் ஆண்டுக்குள் உலகமெங்கும் 10 கோடி வண்டிகள் உருவாகிவிட்டன. ஆனால் இன்ஜின் என்னவோ சிறியதுதான். அது கொள்ளும் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. மோட்டார் காரில் இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கப்சாயிலோ பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான். கிளச்சுத் தகட்டிலிருந்து தேய்ந்து விழும் தூளும் அதிலேயே கலந்து சுற்றி வரும். மலாய்க்காரர்கள் அதை ‘மின்யாக் ஹித்தாம்’, அதாவது கறுப்பெண்ணெய் என்கிறார்கள். டப்பாவிலிருந்து ஊற்றும்போது அது தேன் நிறம். கறுப்பு, நாம் அதற்குக் கொடுப்பது.

அந்த எண்ணெயை அடியிலிருந்து இழுத்து, வால்வுகள் இருக்கும் தலைப்பகுதி வரை அனுப்புகிற வேலையைச் செய்வது ஒரு சின்னஞ்சிறு பம்பு. உள்ளங்கையில் அடங்கிவிடும். மனிதனுக்கு இருதயம் எப்படியோ அப்படி இன்ஜினுக்கு அது என்றால் மிகையில்லை. அதைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் கிடைத்தது.

என் அக்காவுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் பிடோக் நார்த் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறான். சின்னவனுக்கும் பிடோக்கில்தான் வேலை. ஆனால் குடியிருப்பு ஜொகூர் பாருவில். விடியற்காலை 4.30க்கு வண்டியை எடுத்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் 25 நாளென்று கணக்குப் போட்டால் 1,500 கிலோமீட்டர். தோட்டத்தில் ஓடும் வண்டி ஓராண்டில் அவ்வளவு ஓடினால் அதிகம்.

அந்த வண்டியின் தலைப்பகுதியில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. ஜொகூரில் ஒரு கடையில் காட்டினான். “இன்ஜின் முடிந்துவிட்டது, மேல் பாகம் முழுவதும் மாற்ற வேண்டும்” என்று சொல்லி, அவனுடைய மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். வண்டி நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அக்கா வீட்டில் அடுப்பு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் தள்ளாத குறையாகக் கொண்டு வந்தான்.

“எண்ணெய்க் குச்சியைப் பார்த்தேன் அண்ணா, அளவு சரியாகத்தான் இருக்கிறது” என்றான் சின்னவன்.

“அடியில் இருப்பது சரி. மேலே போகிறதா என்று யார் பார்த்தது?” என்றான் பெரியவன்.

தவுக்கே நல்ல மனிதர். விடுமுறை நாளில் பட்டறையைத் திறந்துகொள்ளச் சாவி கொடுத்திருந்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அமர்ந்தேன்.

முதலில் இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி எண்ணெயை ஒரு தட்டில் வடித்தான். சூடாக இருந்தால்தான் அழுக்கும் சேர்ந்து இறங்குமாம். பிறகு கால்மிதிக் கட்டையும், உதைக்கும் கிக் ஸ்டார்ட்டரும், வலப்பக்க மூடியும் கழன்றன. மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட்டு எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்தான். என் வகுப்புப் பிள்ளைகள் வரைபடத்தை இவ்வளவு ஒழுங்காகக் குறித்தால் நான் மகிழ்ந்து போவேன்.

உள்ளே கிளச்சு பம்பை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் நட்டைச் சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. நான்கு பல் வைத்த தனிச் சாவி வேண்டும். சிலர் உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அப்படி அடி வாங்கிய தழும்பு இந்த நட்டிலும் இருந்தது. பெரியவன் அதைத் தடவிப் பார்த்தானே தவிர ஒன்றும் பேசவில்லை.

கிளச்சு வந்ததும், கீழே ஒரு காடியில் செருகியிருந்த கம்பிவலைச் சல்லடையை உருவினான். பம்பு உறிஞ்சும் எண்ணெயெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வலைக்கண்ணே தெரியவில்லை. கறுப்புச் சகதி, கிளச்சின் நார், அவற்றோடு ரப்பர் போல நெளிநெளியாகச் சாம்பல் நிறத் துண்டுகள். முன்பு யாரோ மூடியைப் பூட்டியபோது கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தார்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து சல்லடையை அடைத்துக்கொண்டது. எண்ணெய் நிறைய இருந்தும் இன்ஜின் தாகத்தில் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

“அடைப்பு தெரிந்துவிட்டதே, கழுவிப் பூட்டிவிடலாமே” என்றேன்.

“இல்லை மாமா, இந்தக் குப்பையில் எது பம்புக்குள் போயிருக்கும் என்று தெரியாது” என்று மூன்று போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பைக் கையில் எடுத்தான்.

பின்மூடியைத் திறந்தால் இரண்டே சக்கரங்கள். உள்ளே நான்கு மொட்டு வைத்த ஒன்று. அதைச் சுற்றி ஐந்து குழிவு வைத்த வளையம். நடுச்சக்கரம் வளையத்தின் மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது. சுற்றும்போது ஒரு புறம் இடைவெளி விரிந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. மறுபுறம் சுருங்கிப் பிழிந்து தள்ளுகிறது. கேம் சங்கிலியோடு சுழலும் ஒரு பற்சக்கரத்தின் தண்டுதான் இன்ஜினின் இடப்பக்கத்திலிருந்து ஊடுருவி வந்து இதைச் சுழற்றுகிறது.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின், மெல்லிய எஃகுத் தகடுகள் கோத்த ஃபீலர் கேஜை எடுத்தான். மொட்டின் நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருந்தால் புதியது போல. 0.20 தாண்டினால் பம்பை மாற்ற வேண்டும். அந்தச் சிறு வித்தியாசம் ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? 0.15 தகடு நுழைந்தது. 0.20 நுழையவில்லை. சக்கரங்களின் மேல் இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டு இடைவெளியையும் பார்த்தான். கீறல் லேசாக இருந்தது, நகம் சிக்கவில்லை. “பம்பு நல்ல பம்பு” என்றான். சின்னவனின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

பூட்டும்போது அவன் தவறாமல் செய்தது ஒன்று: சக்கரங்களின் மேல் புது எண்ணெயை நிறைய விட்டுப் பூட்டினான். காய்ந்த பம்பு காற்றைத்தான் சுற்றும், எண்ணெயை இழுக்காது. ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் புதியவை. எண்ணெயும் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று அச்சிட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெய். கார் எண்ணெய்கள் சிலவற்றில் வழுக்கும் மருந்து கலந்திருப்பதால் கப்சாயின் கிளச்சு நழுவும்.

வண்டியைக் கிளப்பி, மேலே வால்வு மூடியைத் திறந்து விளக்கடித்தான். சற்று நேரத்தில் ராக்கர் கையின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. சத்தம் முழுவதும் போகவில்லை. எண்ணெயின்றி ஓடிய நாள்களில் கேம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. வால்வு இடைவெளியைச் சரிசெய்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. “இதை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். ஆனால் மாதா மாதம் எண்ணெய் மாற்று” என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னான். மொத்தச் செலவு எண்ணெய்க்கும் கேஸ்கெட்டுக்கும் ஓ-ரிங்குக்கும் ஆனதுதான்.

பட்டறையில் சிங்கப்பூர் எண் பலகை கொண்ட பழைய வண்டிகளும் சில நின்றன. 2003 ஜூலைக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பின் அங்கே ஓடக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. புகைதான் காரணம். அவற்றின் சொந்தக்காரர்கள் கடைசி நாள் வரை பேணி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்களாம்.

வடித்த கறுப்பெண்ணெயைப் பெரியவன் ஒரு சொட்டுச் சிந்தாமல் பழைய எண்ணெய் டின்னில் ஊற்றி மூடினான். கழிவெண்ணெய் எடுப்பவர் வந்து வாங்கிப் போவாராம். அதைச் சாக்கடையில் விடுவது அங்கே குற்றம். மணல் தோண்டிய பள்ளமாக இருந்த இடம்தான் இன்றைய பிடோக் நீர்த்தேக்கம். சுற்றியுள்ள அடுக்குமாடிப் பேட்டைகளில் பெய்யும் மழைநீரை வடிகால் வழியே சேர்த்து அங்கே அனுப்பும் திட்டம் 1986ஆம் ஆண்டில் முடிந்தது. சாக்கடையில் விழுவது குடிநீருக்கே வந்து சேரும்.

“நம் பக்கம் சிலர் இதைக் கரையானுக்கென்று வேலிக் கம்பத்தின் அடியில் ஊற்றுவார்கள்” என்றேன்.

பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டே, “அங்கிருந்து ஆறு எவ்வளவு தூரம் மாமா?” என்று கேட்டான்.