இரண்டு வெள்ளிக் கூலியாள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் எழுதியது)

நம்ம சுவர் இதழில் கிரிக்கெட், கேரம், கபடி எல்லாம் வந்தாச்சு. நான் ஒரு கதை விளையாட்டைப் பற்றி, அதிலும் அந்த விளையாட்டில் புழங்கும் காசைப் பற்றி எழுதுகிறேன். கணக்கு வருதேன்னு ஓடிடாதீங்க. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது, 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம். என்ன செய்யப் போகிறோம் என்று நாம் சொல்லணும். அது பலிக்குமா என்பதை 20 முகம் உள்ள பகடை சொல்லும். காலேஜில் படிக்கும் என் பெரியப்பா மகன், இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு லீவுக்கு வந்தார். கதை சொல்பவர் அந்த அண்ணன்தான். நான் வாள்வீரன், என் தங்கச்சி மந்திரவாதி, பக்கத்து வீட்டு நண்பன் திருடன். வரவு செலவு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் காசுகளைத் தெரிஞ்சுக்கலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி:

10 செம்பு = 1 வெள்ளி
5 வெள்ளி = 1 எலக்ட்ரம்
2 எலக்ட்ரம் = 1 தங்கம்
10 தங்கம் = 1 பிளாட்டினம்

எலக்ட்ரம் என்பது கற்பனை இல்லை! தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம். இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டின் மிகப் பழைய காசுகள் அதில்தான் அடிக்கப்பட்டன. எந்தக் காசாக இருந்தாலும் 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. இதை மறந்துடாதீங்க, பின்னால் வேலை இருக்கு.

விலைப் பட்டியலையும் பாருங்க. ஒரு ரொட்டி 2 செம்பு. கோழியும் 2 செம்பு. ஆடு 1 தங்கம், பசு 10 தங்கம், நீண்ட வாள் 15 தங்கம். காயம் ஆற்றும் மருந்து ஒரு குப்பி 50 தங்கம். உடம்பு முழுக்க மூடும் இரும்புக் கவசம் 1500 தங்கம். அடேங்கப்பா!

இதே பட்டியலில் கடைசிப் பக்கம் ஒரு வரி இருக்கிறது. தனித் தொழில் எதுவும் தெரியாத கூலியாளுக்கு ஒரு நாள் கூலி 2 வெள்ளி. அதன் பக்கத்திலேயே சாப்பாடு, இருப்பிடச் செலவும் போட்டிருக்கிறது. ஏழை வாழ்க்கைக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு அதே 2 வெள்ளி! வரவு இரண்டு, செலவு இரண்டு, மீதி சைபர். மிச்சம் பிடிக்கணும்னா அதற்கும் கீழே இறங்கி, 1 வெள்ளியில் அழுக்கும் நோயுமாக வாழணும். அப்படி வாழ்ந்தாலும் ஒரு பசு வாங்க 100 நாள், ஒரு மருந்துக் குப்பி வாங்க 500 நாள். கவசத்துக்கு 15,000 நாள், அதாவது 41 வருஷம்!

என் அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். “கைக்கும் வாய்க்கும் சரியாப் போச்சு” என்று அம்மா அடிக்கடி சொல்வார். அந்த வார்த்தையை ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் எண்ணாகப் பார்த்தது அன்றுதான்.

எங்கள் கதையில் ஒரு பழைய சுரங்கத்துக்குள் போனோம். 5 நாளைக்கு ஒரு கூலியாளைப் பேசினோம். மொத்தக் கூலி 10 வெள்ளி, அதாவது 1 தங்கம். உள்ளே ஒரு பெட்டி கிடைத்தது. அதில் 600 தங்கக் காசு, 6000 செம்புக் காசு. தங்கத்தின் எடை 12 பவுண்டுதான். செம்பின் மதிப்பு வெறும் 60 தங்கம், ஆனால் எடை 120 பவுண்டு. கிட்டத்தட்ட 54 கிலோ! அதை யார் தூக்கினது? கூலியாள்தான்.

வெளியே வந்ததும் தங்கத்தை ஆளுக்கு 200 என்று பிரித்தேன். செம்பையும் ஆளுக்கு 2000 போடலாம் என்றான் நண்பன். “அண்ணே, தூக்கிட்டு வந்தவருக்கு ஒரு தங்கம்தானா?” என்றாள் தங்கச்சி.

“புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான்டா கூலி” என்றார் அண்ணன்.

நான் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். “அண்ணே, இது குறைந்தபட்சக் கூலின்னும் அதே புக்குலதான் போட்டிருக்கு. அதுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல.”

நண்பன் ஒத்துக்கொள்ள அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில், அவர் சுமந்த செம்பு முழுவதும் அவருக்கே என்று முடிவானது. அது அவருக்கு 300 நாள் கூலி.

மறுநாள் ஆட்டத்தில் அதே கூலியாளைத் தேடினோம். அண்ணன் சிரித்துக்கொண்டே, “அவர் வரமாட்டார். இரண்டு பசு வாங்கிட்டார், இனிமே பால் வியாபாரம்தான்” என்றார். எங்கள் மூட்டையை நாங்களே தூக்கினோம்!

இன்னொன்றும் நடந்தது. ஊருக்குள் நாங்கள் தங்கத்தைத் தண்ணீராகச் செலவு பண்ணியதும், அண்ணன் ரொட்டி விலையை 4 செம்பு ஆக்கிவிட்டார். “இது அநியாயம்!” என்று கத்தினோம். அதற்கு அவர் சொன்ன விளக்கம்: 1978-இல் வந்த விதிப் புத்தகத்தில், விலை ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு கைகாக்ஸே காரணம் எழுதியிருக்கிறாராம். அலாஸ்காவில் தங்க வேட்டை நடந்த காலத்து ஊர்கள் மாதிரி நினைச்சுக்கோங்க, தங்கம் குவியும் இடத்தில் எல்லாமே விலை ஏறும் என்று. விலை ஏறியது எங்களைச் சுடவில்லை. எங்களிடம் தங்கம் இருந்தது. ஆனால் அந்த ஊரில் 2 வெள்ளி வாங்குகிற மற்ற எல்லாருக்கும் ரொட்டி பாதியாகக் குறைந்துவிட்டதே!

காசின் மதிப்பு காசில் இல்லை, நண்பர்களே. அதை வைத்திருப்பவர் எத்தனை நாள் உழைத்தார், அதற்கு எத்தனை ரொட்டி கிடைக்கும் என்பதில் இருக்கிறது. நீங்களும் எந்த விளையாட்டு விளையாடினாலும் விலைப் பட்டியலை மேலிருந்து படிக்காதீங்க, கீழிருந்து படிச்சுப் பாருங்க. வேறொரு கதை தெரியும்!

மூளைக்கு வேலை: ஒரு பையில் 100 பிளாட்டினம் இருக்கிறது. அதன் எடை எத்தனை பவுண்டு? அதே மதிப்பைச் செம்பாக மாற்றினால் எடை எத்தனை? (விடை அடுத்த இதழில்)